முத்தையா கங்காணிக்கு நான் சொன்ன கணக்கு

போன மாதம் ஓய்வூதிய அலுவலாக, நான் கடைசியாக வேலை செய்த கந்தோருக்குப் போயிருந்தேன். கணக்குப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு பிள்ளை தடித்த பேரேடு ஒன்றை மூடிவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பாங்கிலை இருக்கிறது ஒரேயொரு கணக்கு. அதுக்கு நாங்கள் ஏன், சேர், ஏழு நிதியாப் பிரிச்சு எழுதிக்கொண்டு இருக்கவேணும்? காசு எல்லாம் காசுதானே?"

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அப்படிச் சிரித்தது பிழை என்று பட்டது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, அப்படியே ஒரு காரியமும் செய்தேன். அதைக் கந்தோர் மேசையருகில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால் அந்தப் பிள்ளைக்கும், உள்ளூராட்சிக் கணக்கு எழுத வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

இது நடந்த நகரசபையின் பெயரைச் சொல்லமாட்டேன். ஊவா மாகாணத்தில், பதுளைக்குக் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் அலுவலை முடித்துத் திரும்பிவிடக்கூடிய ஒரு மலை ஊர் என்பது போதும். நாற்பத்தொன்பதில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குக் கிளாக்கராக அங்கே போனேன். வயது இருபத்துமூன்று. எனக்கு மேலே இருந்தவர் நோய்வாய்ப்பட்டு ஓய்வெடுத்துக்கொண்டதால், நாலு வருஷத்துக்குள் கணக்குப் பகுதி முழுவதும் என் பொறுப்பில் வந்துவிட்டது. கணக்காளர் என்ற பதவி மட்டும் உறுதியாகவில்லை. சபை கூடித் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

நிதி என்றால் என்ன என்பதை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரரும் கடைக்காரரும் கட்டும் வரி பொது நிதியில் சேரும். அதைச் சபை தன் இஷ்டப்படி செலவு செய்யலாம். மற்றவை அப்படியல்ல. மின்சாரத்துக்கு என்று வாங்கிய கடன் மின்சாரத்துக்குத்தான். ஒரு பெரியவர் வாசிகசாலைக்கு என்று எழுதிவைத்த பணம் வாசிகசாலைக்குத்தான். இப்படி நிபந்தனையோடு வரும் ஒவ்வொரு பணத்துக்கும் பேரேட்டில் தனித்தனி நிதி. ஆனால் வங்கியில் எல்லாம் ஒரே கணக்கில்தான் கிடக்கும். இந்த ரூபாய் வாசிகசாலைக்கு, அந்த ரூபாய் விளக்குக்கு என்று வங்கிக்குத் தெரியாது. அந்த வேலியை நாங்கள்தான் எங்கள் கையெழுத்தால் போடுகிறோம். நாங்களே அதைத் தூக்கிவைத்தால் தடுக்க யாரும் இல்லை.

சபையின் துப்புரவுத் தொழிலாளர் ஊருக்குக் கீழே இரண்டு லயங்களில், வரிசையாகக் கட்டிய ஒற்றையறைகளில், இருந்தார்கள். நாற்பது குடும்பங்கள் இருக்கும். தெரு கூட்டுவது, கழிவுநீர்க் கான் துப்புரவாக்குவது, வாளிக் கக்கூசு எடுப்பது எல்லாம் அவர்கள்தான். ஊருக்கு மேலே தண்ணீர்த் தாங்கி இருந்தது. கடைவீதிக்குக் குழாய் வந்தது, உத்தியோகத்தர் வீடுகளுக்கு வந்தது. லயத்துக்கு வரவில்லை. அவர்கள் ஓடையில் அள்ளிக் குடித்தார்கள். ஊரின் அழுக்கெல்லாம் அந்த ஓடையில்தான் போய்ச் சேரும்.

அவர்களுக்காகச் சபையில் பேச ஆள் இல்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழி என்று, நாற்பத்தெட்டில் வந்த சட்டத்தோடு அவர்களின் குடியுரிமை போனது, அதன் பின்னால் வாக்கும் போனது. வாக்கில்லாத நாற்பது குடும்பங்களுக்காக எந்த உறுப்பினர் எழுந்து நிற்பார்? ஆனாலும் எங்கள் சுகாதாரப் பரிசோதகர் விடாமல் எழுதிக்கொண்டேயிருந்தார். கடைசியில், சுதந்திரம் கிடைத்து ஆறேழு வருஷம் கழித்து, லயத்துக்குக் குடிநீர்க் குழாய் போட என்று அரசாங்கம் ஒன்பதாயிரம் ரூபாய் மானியம் அனுப்பியது. நான் பேரேட்டில் புதுப் பக்கம் திறந்து, 'லயத்துக் குழாய் நிதி' என்று தலைப்புப் போட்டேன்.

அடுத்த வாரம் முத்தையா கங்காணி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

அவர் துப்புரவுத் தொழிலாளரின் தலையாள். ஐம்பது வயது இருக்கும். பெரகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கே கான் வெட்டிப் பழகி, பிறகு நகரசபை வேலைக்கு வந்தவர். மெலிந்த, நிமிர்ந்த ஆள். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவார். அவர் மனைவி பேச்சியம்மாவும் சபை வேலைதான். வெலிமடையிலிருந்து வரும் மரக்கறி லொறிகள் போட்டுவிட்டுப் போகிற இலை குழை எல்லாவற்றையும் சந்தையில் கூட்டி அள்ளுவார். பிள்ளைகள் இல்லை.

"கிளாக்கரய்யா, பைப்பு வாங்கத்தான் காசு பத்துமாம், மண்ணு வெட்டக் காசு பத்தாதாம். ஓவர்சியரய்யா சொன்னாரு. நெசமுங்களா?"

"ஓம், உண்மைதான். பைப் விலை ஏறிப்போச்சு."

"அப்ப மண்ண நாங்க வெட்டிக்கிறோம். ஞாயித்துக்கெழமையில வெட்டுறோம். சம்பளம் வேணாங்க. ஆனா ஆளுங்களைக் கூப்புடுறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கணும். அந்தக் காசு வேற எதுக்கும் போயிறாதுங்களே?"

நான் பேரேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். "இந்தா பாருங்கோ. இந்தப் பக்கம் முழுக்க உங்கடை லயத்துக்கு மட்டும். இதிலையிருந்து ஒரு சதம் எடுத்து வேற வேலைக்குப் போடேலாது. அதுதான் சட்டம்."

"எங்க லயம்னு எழுதியிருக்குங்களா இதுல?"

எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "சரிங்க. அது போதும்," என்றார்.

அந்த வருஷம் சித்திரைக்குப் பிறகு பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் அவர்கள் வெட்டினார்கள். வாரம் ஆறு நாளும் ஊரைக் கூட்டியவர்கள், மிச்சமிருந்த ஒரு நாளையும் அதற்குக் கொடுத்தார்கள். ஒரு ஞாயிறு நான் பார்க்கப் போனேன். மேலே பெரிய குழாயிலிருந்து லயத்தின் வாசல் வரை கயிறு பிடித்து நேராகக் கான் வெட்டியிருந்தார்கள். பெண்கள் கூடையில் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். பேச்சியம்மா எனக்கு வெறுந்தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தார். முத்தையா கானுக்குள் இறங்கி நின்று, "தொரைமாரு தோட்டத்துலயும் இவ்வளவு நேரா வெட்டினதில்லைங்க," என்றார். அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஊதியம் இல்லாத வேலைக்கு அத்தனை பேரும் எப்படி வந்தார்கள் என்று சபை வேலைகளை மேற்பார்க்கும் ஓவர்சியரிடம் கேட்டேன். "நம்ம பேருல தனி ஏடு இருக்கு, நான் கண்ணால பாத்தேன்" என்று முத்தையா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னாராம்.

ஆடி மாதம் கான் முடிந்தது. பைப் ஓடருக்கு நான் கடிதம் தயார் செய்தேன். கொழும்புக் கொம்பனி முழுக் காசையும் முன்னதாகக் கேட்டிருந்தது. காசோலையில் கையெழுத்து வாங்கச் சபைத் தலைவரிடம் கொண்டுபோனேன்.

எங்கள் தலைவர் கெட்ட மனிதர் அல்லர். இதை அழுத்திச் சொல்கிறேன். கெட்ட மனிதர் ஒருவர் கேட்டிருந்தால் எனக்கு மறுப்பது சுலபமாக இருந்திருக்கும். அவர் ஏழைகளின் செத்த வீட்டுக்குச் சொந்தப் பணம் கொடுப்பவர். கந்தோரில் யாரையும் அதட்டியதில்லை. அன்று அவர் மேசையில் புதுச் சந்தைக் கட்டிடத்தின் கொந்தராத்துக்காரர் அனுப்பிய கடிதம் கிடந்தது. பாக்கிப் பணம் தராவிட்டால் கூரை வேலையை நிறுத்துவேன் என்று அதில் எழுதியிருந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. பொது நிதியில் ஒன்றும் இல்லை. கடைக்காரர் பாதிப் பேர் வரி கட்டியிருக்கவில்லை.

அவர் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். சொன்னதன் சாரம் இது.

"வங்கியில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கிறதே?"

"அதில் ஒன்பதாயிரம் லயத்துக் குழாய்க்கு வந்தது, சேர்."

"தெரியும். மூன்று மாதம் கைமாற்றாக எடுப்போம். செப்டெம்பரில் வரி வந்ததும் திருப்பி வைத்துவிடலாம். இத்தனை வருஷம் ஓடையில் குடித்தவர்களுக்கு இன்னும் மூன்று மாதம் பெரிய விஷயமா?"

"நிபந்தனையோடு வந்த காசு, சேர்."

"நான் உம்மைத் திருடவா சொல்கிறேன்? புத்தகத்தில் எழுதியே எடும். பொது நிதி குழாய் நிதிக்குக் கடன்பட்டிருக்கிறது என்று எழுதும். யாருக்கு என்ன நட்டம்?"

 அந்த நேரத்தில் என் மனத்தில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். என்னைக் கணக்காளராக உறுதிப்படுத்தும் தீர்மானம் அந்த மாதச் சபைக் கூட்டத்தில் வரவிருந்தது. தங்கையின் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைவர் இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குத்தான் அது ஞாபகம் வந்தது. நான் போய்ப் பேரேட்டில் பதிவை எழுதினேன். கொந்தராத்துக்காரருக்குக் காசோலை போயிற்று. என் பதவியும் உறுதியாயிற்று.

உங்களுக்கு நான் சொல்ல வந்த தொழில் விஷயம் இதில் இருக்கிறது, கவனியுங்கள். காசு போன பிறகும் குழாய் நிதியில் ஒன்பதாயிரம் அப்படியே இருந்தது. எப்படி? கையிலிருந்த காசின் இடத்தில், பொது நிதியிடமிருந்து வரவேண்டியது என்று எழுதினேன். வரவேண்டியதும் சொத்துத்தானே? சபைக்கு வைத்த காலாண்டு அறிக்கையில், இடத்தைச் சுருக்க என்று, இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துக் காட்டினேன். 'லயத்துக் குழாய் நிதி, ஒன்பதாயிரம்.' பிழையான இலக்கம் ஒன்றுகூட அதில் இல்லை. அதை வாசிக்கிறவர் எவரும் காசு இருக்கிறது என்றுதான் நினைப்பார். நானும் கொஞ்சம் கொஞ்சமாக அப்படியே நினைக்கத் தொடங்கினேன்.

சந்தை திறந்தார்கள். தோரணம் கட்டினார்கள், மேளம் அடித்தார்கள். விழா முடிந்த மைதானத்தை முத்தையாவும் ஆட்களும் கூட்டினார்கள்.

செப்டெம்பர் வந்தது, வரி வரவில்லை. வியாபாரம் மந்தம் என்று கடைக்காரர் தவணை கேட்டார்கள். அடுத்த வருஷம் சபைத் தேர்தல், அதனால் உறுப்பினர் எவரும் அவர்களை நெருக்க விரும்பவில்லை. ஒவ்வொரு சம்பள நாளும் முத்தையா என் மேசைக்கு வந்து கேட்பார்.

"பைப்பு எப்பங்க வரும்?"

"வரும் கங்காணி. ஓடர் போகவேணும்."

"காசு இருக்குங்களே?"

"காசு இருக்கு."

மூன்று மாதம் இதைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் பேரேட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வெறுமனே கிடந்த கானுக்குள் வெள்ளம் புகுந்து கரைகள் சரிந்தன. வேலை முடிந்த பிறகு, மழையில் நனைந்துகொண்டு, முத்தையா தனியாகச் சேறு அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்ததாக ஓவர்சியர் சொன்னார். "விடச் சொன்னா விடமாட்டேங்கிறான். பைப் வந்து இறங்கினா கான் தயாரா இருக்கணுமாம்."

கார்த்திகையில் லயத்தில் காய்ச்சல் தொடங்கியது. முதலில் மூன்று வீட்டில், பிறகு எட்டு வீட்டில். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபாய்டு, என்றார். ஓடைத் தண்ணீர்தான் காரணம் என்றார். கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். அந்த மழையில் காய்ந்த விறகு எங்கே இருந்தது? சோறாக்கவே போதவில்லை.

முத்தையாவுக்கும் காய்ச்சல் வந்தது. அவர் யாருக்கும் சொல்லவில்லை. நாட்சம்பளம், வராத நாளுக்குக் காசு இல்லை. பத்து நாள் அப்படியே வேலைக்கு வந்தார். பதினோராம் நாள் காலையில் புதுச் சந்தையின் வாசலில் விழுந்தார். சபை லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் நான் பார்க்கப் போனேன். வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் பேச்சியம்மா இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "இரியுங்கோ," என்றேன். இருக்கவில்லை. "கொடல் பழுதாப் போச்சாங்கய்யா. டாக்டரய்யா முன்னாலயே கொண்டாந்திருக்கணும்னு சொன்னாரு," என்றார்.

உள்ளே முத்தையா கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். தலைப்பாகை இல்லாமல் பார்க்க வேறு ஆள் போலிருந்தார். கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"கிளாக்கரய்யாவா? இவ்வளவு தூரம் வந்தீங்களா?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பைப்பு வந்துருச்சுங்களா?"

வரும் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நின்ற நேர்ஸ்கூட நான் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தவர் போல் என்னைப் பார்த்தார். மூன்று மாதம் அதைச் சொல்லிச் சொல்லி நாக்குக்கும் பழகியிருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"இல்லை கங்காணி. ஓடர் இன்னும் போகேல்லை. அந்தக் காசை எடுத்துச் சந்தைக் கட்டிடத்துக்குக் குடுத்திட்டம். நான்தான் எழுதிக் குடுத்தனான். நான் உங்களுக்குச் சொன்னது பொய்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கடைக்கண்ணில் நீர் வழிந்தது.

"அந்த ஆளுங்ககிட்ட நான் என்னங்க சொல்லுவேன்?" என்றார். "பதினோரு ஞாயித்துக்கெழமை. புள்ளத்தாச்சிப் பொம்பளைகூடக் கல்லு சொமந்துச்சு. நான் சொன்னேன்னுதான வந்தாங்க. நான் ஏமாத்திட்டேன்னுல்ல நெனைப்பாங்க."

"நான் போய்ச் சொல்லுறன். நீங்கள் ஏமாத்தேல்லை எண்டு நான் சொல்லுறன்."

"நீங்களே வந்து சொல்லுவீங்களா?"

"நானே போய்ச் சொல்லுறன்."

"சரிங்க," என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார். லயத்தில் அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களில் அவர் மூன்றாவது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் லயத்துக்குப் போனேன். ஆண்களும் பெண்களுமாக வாசலில் கூடினார்கள். எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்கள். நான் இருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களுக்கு வந்த காசு எவ்வளவு, எப்போது வந்தது, யார் கேட்டது, யார் எழுதியது, முத்தையா கேட்டபோதெல்லாம் நான் சொன்ன பதில் என்ன, எல்லாம். கங்காணிக்கு ஒன்றும் தெரியாது, அவர் உங்களைப் போலவே நம்பினார் என்று இரண்டு தரம் சொன்னேன்.

 தூரத்தில் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. கடைசியாகப் பின்னால் நின்ற ஒருவர் கேட்டார்: "இப்ப என்னங்க? பைப்பு வருமா, வராதா?"

"வரும்."

"அதத்தானங்க முந்தியும் சொன்னீங்க."

 பேச்சியம்மா வீட்டுக் கதவடியில் நின்றார். என்னைத் திட்டவில்லை, அழவில்லை. நான் சொல்லி முடித்ததும் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கொந்தராத்துக்காரரின் கடைசி பில் கையெழுத்துக்கு வந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். குழாய் நிதிக்குரிய காசு திரும்பி வரும்வரை பொது நிதியிலிருந்து சம்பளம் தவிர வேறெந்தக் கொடுப்பனவுக்கும் நான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன். வேண்டுமானால் என்னை நிறுத்திவைக்கலாம், நடந்ததை நான் பதுளையில் இருக்கும் மேலதிகாரிகளுக்கு எழுதுவேன் என்றும் சொன்னேன்.

"முத்தையா செத்ததற்கு நான்தான் காரணம் என்கிறீரா?"

"நீங்களும் நானும், சேர்."

 முத்தையாவைத் தலைவருக்கு இருபது வருஷமாகத் தெரியும். வரி கட்டாதவர்களின் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். அதில் அவருடைய மைத்துனரின் கடையும் இருந்தது. அந்த வாரம் முழுவதும் குடையைப் பிடித்துக்கொண்டு கடை கடையாக அவரே போனார். டிசெம்பர் முப்பதாந் திகதிக்குள் ஒன்பதாயிரமும் வந்து சேர்ந்தது.

இதை நீங்கள் நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். மார்கழியில் ஒரு வாரத்தில் திரட்ட முடிந்த காசை ஆடியிலும் திரட்டியிருக்கலாம். கடைக்காரரிடம் போய்க் கேட்கும் சங்கடம் தலைவருக்கு வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் கேட்காமல் எடுக்கக்கூடிய காசு ஒன்று பக்கத்தில் இருந்தது. அது யாருடைய காசு? சபையில் ஒரு வாக்கும் இல்லாதவர்களின் காசு. அவர்களுக்காக அந்தச் சபையில் இருந்தது என் பேரேட்டின் அந்த ஒரு பக்கம் மட்டும்தான். அந்த வேலியைத்தான் நான் திறந்துவிட்டேன்.

மாசியில் பைப் வந்து இறங்கியது. சரிந்த கானைத் திரும்ப வெட்ட வேண்டியிருந்தது. இந்த முறை கூலி கொடுத்துத்தான் வெட்டவேண்டும், அதுவும் பொது நிதியிலிருந்து, என்று நின்றேன். தலைவர் மறுபேச்சுப் பேசவில்லை. சித்திரைக்கு முன்னால் லயத்து வாசலில் இரண்டு குழாய் நின்றது. முதலில் திறக்கப் பேச்சியம்மாவைத் தலைவர் கூப்பிட்டார். அவர் வந்து திறந்தார். கொஞ்ச நேரம் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கையைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், குழாயை மூடினார்.

"குடிச்சுப் பாருங்க," என்று தலைவர் சிங்களம் கலந்த தமிழில் சொன்னார்.

"லொறி வந்துருக்கும், சந்தையில வேலை கெடக்குங்க," என்று சொல்லிவிட்டு அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் குழாயில் அவர் தண்ணீர் அள்ளினாரா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த ஏழு வருஷமும் சம்பள நாளில் வருவார், பெருவிரல் வைப்பார், வாங்கிக்கொண்டு போவார். என்னை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

வைகாசியில் கணக்காய்வுக்கு ஆள் வந்தார். என்னைவிட இளையவர், எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர், நேர்மையானவர். மூன்று நாள் இருந்து எல்லாப் புத்தகங்களையும் பார்த்தார். ஆடி மாதப் பதிவில் விரலை வைத்து, "இந்தக் கைமாற்று?" என்று கேட்டார்.

"ஆடியிலை எடுத்தது. டிசெம்பர் முப்பதிலை திருப்பி வைச்சது."

"அப்ப வருஷக் கடைசியிலை காசு இருந்திருக்கு."

"ஓம்."

"சரி, அப்ப பெரிய பிரச்சினை இல்லை. இனிமேல் முன் அனுமதி எடுங்கோ." பென்சிலால் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நான் அவரைத் தடுத்தேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் முத்தையா கேட்டதையும் சொன்னேன். இதைப் பற்றி அறிக்கையில் ஏதாவது எழுதுங்கள், என் பெயரைப் போட்டே எழுதுங்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"அண்ணை, எனக்கு விளங்குது," என்றார். "ஆனா நான் எதுக்குக் கீழை எழுதுறது? நட்டமில்லை. குறைவில்லை. காசும் குறிச்ச வேலைக்கே போயிருக்கு. இதுக்கு எங்களிட்டை ஒரு தலைப்பு இல்லை."

அடுத்த வருஷத்திலிருந்து, எங்கே வேலை செய்தாலும், ஒவ்வொரு நிதிக்கும் எதிரே மூன்று வரி தனித்தனியாக எழுதினேன். கையில் உள்ள காசு எவ்வளவு. மற்ற நிதிகளிடமிருந்து வரவேண்டியது எவ்வளவு. யாருக்காக வந்தது. மூன்றாவது வரி எந்தப் படிவத்திலும் இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு செயலாளர் அதை எடுக்கச் சொன்னார், நான் எடுக்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றினார்கள், அங்கேயும் எழுதினேன். உங்களை யாரும் அதை எழுதச் சொல்லமாட்டார்கள். முடிந்தால் எழுதுங்கள்.

அந்த வருஷத்துக் கணக்கறிக்கை அச்சாகிக் கொழும்புக்குப் போயிற்று. ஏதாவது ஒரு பழைய அலுமாரியில் இன்னும் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் லயத்துக் குழாய் நிதிக்கு எதிரே வரவு சரியாக இருக்கும், செலவு சரியாக இருக்கும், மீதி ஒன்றும் இருக்காது. முத்தையா என்ற பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்காது. இங்கே எழுதியிருக்கிறேன்.